கண்ணாடி அம்மா பேக்ல இருந்துச்சு

போன ஆடி மாசம் அப்பாவுக்கு நிமோனியா முத்திப்போய் ஐசியூல 11 நாள் இருந்தாரு, அதுல 5 நாள் வென்டிலேட்டர். இப்ப நல்லாருக்காரு. ஆனா அந்த நாள பத்தி அவரு வாயத் தொறந்ததே ஐப்பசி மழைல கரண்ட் போன ஒரு ராத்திரிதான்.

வலிதான் பெரிய கஷ்டமா இருந்திருக்கும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். அவரு சொன்ன மொத வார்த்தை "தாகம்டா". தொண்டைல வென்டிலேட்டர் ட்யூப் இருக்கும்போது தண்ணி குடுத்தா புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும், அதனால குடுக்க மாட்டாங்க, சரிதான், ஆனா சிஸ்டருங்க கை கழுவும்போது பைப் சத்தம் கேக்கும்ல, ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒட்டிக்குமாம். கேக்கவும் முடியாது, ட்யூப் குரல்நாணுக்கு நடுவுல போறதால சத்தமே வராது. கையால காட்டலாம்னா, ட்யூப பிடுங்கிடுவாருன்னு ரெண்டு மணிக்கட்டையும் துணியால கட்டில்ல கட்டி வெச்சிருந்தாங்க. "நான் என்னடா தப்பு பண்ணேன், எதுக்கு கட்டிப்போட்டாங்க"ன்னு கேட்டாரு. எனக்கு பேச்சே வரல.

அப்புறம்தான் உக்காந்து தேடிப் படிச்சேன். ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணிய வாய்க்குள்ள ஸ்ப்ரே பண்றது, ஈரத்துணியால வாயத் தொடைக்கிறது, உதட்டுக்கு லிப் பாம், இவ்வளவு செஞ்சாலே ஐசியூ பேஷண்டுக்கு தாகம் கொறையுதுன்னு 2014லயே அமெரிக்கால ஆய்வு வந்திருக்கு. இவ்வளவுதாங்க வேணும்!

சத்தம் வேற. வார்டுல ராத்திரி 30 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999ல சொல்லியிருக்கு, ஐசியூல பெரும்பாலும் 50க்கு மேலதான் இருக்கும், எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒரு அலாரம் அடிச்சிட்டே இருக்கும், லைட்டும் அணைக்க மாட்டாங்க. பகலா ராத்திரியான்னு தெரியாம, தூக்கமும் இல்லாம அப்பாவுக்கு டெலிரியம், அதாவது புத்தி கொழம்பிப்போய் நடக்காதது நடக்குற மாதிரி தோணுற நெலமை, வந்துடுச்சு. யாரோ தன்னைய கடத்திட்டுப் போய் லாரி ஷெட்ல அடைச்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சிருக்காரு. மாஸ்க் போட்ட முகமெல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுதாம், அது சிஸ்டருன்னே தெரியல.

மங்கலா ஏன் தெரிஞ்சுதுன்னா, அட்மிட் பண்ண அன்னைக்கே மோதிரம், வாட்ச், கண்ணாடி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எங்க கைல குடுத்துட்டாங்க. அம்மா அத பேக்ல பத்திரமா வெச்சிக்கிட்டு 11 நாளும் ஐசியூ வாசல்லயே உக்காந்திருந்தாங்க. விசிட்டிங் டைம்ல 10 நிமிஷம் உள்ள போவோம், "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடும்"னு சொல்லிட்டு வந்துடுவோம். கண்ணாடி, காது மெஷின் போடுற ஆளுக்கு அத போட்டு விட்டா டெலிரியம் கொறைய உதவும்னு டாக்டருங்களோட கைடுலைன்லயே இருக்கு, எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

உங்க வீட்டு ஆளு யாராவது உள்ள இருந்தா, டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டுட்டு கண்ணாடிய போட்டு விடுங்க. இன்னைக்கு என்ன கிழமை, மணி என்ன, எந்த ஆஸ்பத்திரி, கைய ஏன் கட்டியிருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க. மயக்கத்துல இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் சொல்லுங்க. நான் அம்மாகிட்ட போன்ல பேசுனது வரைக்கும் அப்பாவுக்கு காதுல விழுந்திருக்கு.