1,000,001ஐக் கரும்பலகையில் எழுதினால்

யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில் காரணிகள் படிப்பிக்கிற நாங்கள் பெரும்பாலும் 36, 84, 120 என்று சின்ன எண்களோடு நின்றுவிடுகிறோம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அவற்றில் தெரியாது. 1,000,001ஐக் கொடுத்து, இது முதன்மை எண்ணா (1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாததா), சேர்த்தி எண்ணா (வேறு காரணியும் உள்ளதா) என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

கடைசி இலக்கம் 1. 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 2, மூன்றாலும் வகுபடாது. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கலாம். அவற்றின் பெருக்கம் 1001. எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 001 − 000 + 1 = 2. இந்த 2 அந்த மூன்றில் எதனாலும் வகுபடாது, ஆகவே எங்கள் எண்ணும் வகுபடாது.

பல கொப்பிகளில் இந்த இடத்திலேயே "முதன்மை எண்" என்று விடை வந்துவிடுகிறது. அதைச் சோம்பல் என்று ஏசக்கூடாது. எதுவரை வகுக்க வேண்டும் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்லவில்லை. வர்க்கமூலம் வரை, அதாவது 1000 வரை. காரணிகள் சோடியாக வரும். சோடியில் இரண்டுமே 1000ஐத் தாண்டினால் பெருக்கம் எண்ணை மிஞ்சிவிடும். 1000க்குக் கீழே 168 முதன்மை எண்கள் உண்டு.

17, 19, 23 என்று பொறுமையாகப் போனால் 97 வரை ஒன்றும் சரிவராது. 25 முதன்மை எண்கள் போய்விட்டன. 26ஆவதான 101 மீதியில்லாமல் வகுக்கும்: 101 × 9901.

இனி 9901ஐ மறுபடி 2இலிருந்து வகுக்கத் தொடங்குவார்கள். அது வீண் வேலை. 9901ஐ வகுக்கும் எண் 1,000,001ஐயும் வகுத்தாக வேண்டும். 97 வரை எதுவும் வகுக்கவில்லை என்று முன்பே கண்டாயிற்று. 9901இன் வர்க்கமூலமோ 100ஐ எட்டாது. எனவே 9901 முதன்மை எண். ஒரு வகுத்தல்கூட மேலதிகமாகத் தேவையில்லை. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு நிறுவல் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உயர்தரப் பிள்ளைகளுக்கு 100³ + 1³ என்று எழுதிக் காட்டினால், a³ + b³க்கு a + b ஒரு காரணி என்பதால், 101 தானாகவே வெளியே வரும்.

இதற்கு நேர்மாறு 720,720. அது 720 × 1001. ஆகவே 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. 1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி.யும் (பொது மடங்குகளுள் சிறியதும்) இதுவே. காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு சுட்டியோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. சுட்டிகளை மட்டும் பெருக்கி 8 என்று எழுதுகிறவர்கள், இரண்டை ஒரு தடவையும் எடுக்காமல் விடுவதும் ஒரு தெரிவு என்பதை மறந்துவிடுகிறார்கள். 12ஐக் கொடுத்து ஆறு காரணிகளையும் எழுதச் சொன்னால், 2² × 3இல் அந்த 1 எங்கிருந்து வருகிறதென்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.