நாரிப்பிடிப்பு என்கிற நோவை ஒரு விரலால் காட்டுங்கள்

யாழ்ப்பாணத்தில் நாரியை, அதாவது கீழ்முதுகைச் சுற்றி எங்கே நொந்தாலும் பெயர் ஒன்றுதான்: நாரிப்பிடிப்பு. எண்ணெய் பூசி, ஒத்தடம் பிடித்து, பாமசியில் நோக்குளிசை வாங்கிப் போட்டும் மாறாவிட்டால் ஸ்கான் எடுப்பார்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கு என்று அறிக்கை வரும். நாற்பது தாண்டிய பலருக்கு, நோவே இல்லாவிட்டாலும் அப்படித்தான் வரும். அதனால் ஸ்கானுக்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. நோகிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நாரியின் அடியில், முள்ளந்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு குழி இருக்கும். விரல் அந்தக் குழிக்குக் கீழே, ஒரு சென்றிமீற்றர் அளவு உட்பக்கமாகப் போய் நின்று, மறுபடி கேட்டாலும் அதே இடத்துக்கே வந்தால், சாக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு அது. அசைவு சில மில்லிமீற்றர்தான். ஆனால் மேலுடம்பின் பாரம் முழுவதும் அதனூடாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. நோ குண்டிக்கும் பின்தொடைக்கும், சிலருக்குக் கவட்டுக்கும் பரவும். முழங்காலுக்குக் கீழே போவது குறைவு. பாதம் வரை விறைப்பு இறங்கினால் நரம்பைப் பார்க்க வேண்டும்.

கேட்டால் ஒரே மாதிரியான கதைகள் வரும். கட்டிலில் புரளும்போது குத்துகிறது. கதிரையால் எழும்பும்போது பிடிக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை போட முடியவில்லை. பாரம் ஒரு பக்கத்துக்கு மாறுகிற நேரத்தில்தான் இந்த மூட்டு கத்தும்.

கையால் செய்யும் சோதனைகளில் ஐந்து முக்கியமானவை. அவற்றில் குறைந்தது மூன்று, நோவுள்ளவருக்குப் பழக்கமான அதே நோவைக் கிளப்ப வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அதிகம் உதவுவது தொடையைத் தள்ளும் சோதனை. மல்லாக்கப் படுத்தவரின் இடுப்பை 90 பாகைக்கு மடக்கி, ஒரு கையைத் திருவெலும்பின் கீழே வைத்து, முழங்காலிலிருந்து தொடை வழியே கட்டிலை நோக்கி அழுத்துவது. ஆனால் நாரியைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வளைக்கும்போது காலில் இருந்த நோ மேலேறி நடுநாரிக்கு வந்தால், அது டிஸ்க்கின் குணம். அங்கே இந்தச் சோதனைகள் ஏமாற்றும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்றிமீற்றர் தூக்குங்கள். கல்லைக் கட்டினதுபோல் பாரமாக இருந்தால், இன்னொருவர் இடுப்பை இரண்டு பக்கத்தாலும் உள்ளுக்கு அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது கால் இலேசாக எழும்பினால் இடுப்புப் பட்டி உதவும்.

அந்தப் பட்டியில்தான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான நாரிப்பட்டி இந்த மூட்டைத் தொடாது. ஐந்து முதல் எட்டு சென்றிமீற்றர் அகலப் பட்டியை, முன்பக்க இடுப்பெலும்பு முனைகளுக்குக் கீழே, தொடையெலும்பின் வெளிப்புடைப்புக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். உள்ளே விரல்கள் நுழையும் இறுக்கம் போதும். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் போட்டு, படுக்கும்போது கழற்றுங்கள். சில கிழமைகளுக்கு மட்டும்.

படுத்தே கிடப்பது கூடாது. ஓரிரு நாளுக்குமேல் கிடந்தால் குண்டித் தசை இளகி மூட்டு இன்னும் தவிக்கும். முழங்கால்களுக்கு நடுவில் தலகணியை வைத்து ஐந்து விநாடி அழுத்திவிடுவது, பத்துத் தரம். பிறகு முழங்காலை மடக்கிப் படுத்துக் குண்டியைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துவது, அதுவும் பத்துத் தரம், காலை மாலை. தூக்கும்போது பின்தொடை பிடித்து இழுத்தால் குதிகால் தூரப் போய்விட்டது, கிட்டக் கொண்டுவாருங்கள். செய்யும்போது சற்று நொந்தாலும் மறுநாள் காலை பழையபடி இருந்தால் தொடரலாம். கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். யாரிடமாவது போய் மூட்டைச் சடாரென்று திருப்பி "ஏற்ற" விடாதீர்கள்: அது இறங்கிப்போகும் மூட்டு இல்லை.

பழக்கங்களும் மாற வேண்டும். பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் தூக்குவது, திருவலையில் ஒருக்களித்து இருந்து தேங்காய் துருவுவது இரண்டும் ஒரு பக்கத்தையே வதைக்கும். ஓட்டோவில் முதலில் இருந்துகொண்டு, இரண்டு முழங்காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். நோ இருக்கிற வருடம் நல்லூர்க் கோயிலில் உருண்டு பிரதட்டை செய்வதை நிறுத்தி, வீதியை நடந்து சுற்றலாம். செயற்கைக் கால் போடுபவர்கள் அதன் உயரத்தைத் திரும்ப அளப்பித்துப் பாருங்கள். சிறு வித்தியாசமும் இந்த மூட்டில் வந்து நிற்கும். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் அளந்து திருத்தலாம்.

வளர்ந்தவருக்குப் பனடோல் ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகக் கூடாது. டைக்குளோபெனாக் என்ற நோக்குளிசை வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து; கர்ப்பிணிகள் வைத்தியர் சொல்லாமல் தொடவே வேண்டாம். கர்ப்பத்தில் இந்த நோ சாதாரணம்: முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புரள்வதும் பட்டியும் அதிகம் உதவும். மாதக்கணக்கில் மாறாவிட்டால், எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி மூட்டுக்குள் விறைக்கச் செய்யும் மருந்தும் ஸ்டெரொய்டும் ஏற்றுவார்கள். சில மணித்தியாலத்தில் நோ பெரும்பாலும் அடங்கினால் மூட்டு இதுதான் என்று உறுதியாகும்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், கவட்டுப் பகுதி விறைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் நோவிலும் மெலிவோடு வரும் நோவிலும் கிருமித் தொற்றையும் காசநோயையும் தேட வேண்டும்.

இளம் ஆட்களின் நோவைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய நோ, பின்னிரவில் எழுப்பும், காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருக்கும், நடந்தால் குறையும், அசையாமல் இருந்தால் கூடும். சிலருக்குக் கண்ணும் சிவந்து நோகும். இது அன்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்கிற, முள்ளந்தண்டு மூட்டுகளில் அழற்சி வரும் நோயாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் பல வருடம் பிழை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு வைத்தியர் தரும் துண்டில் நாரி என்று மட்டும் எழுதியிருந்தால், சாக்ரோஇலியாக் மூட்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.