மூடி போட்டிருந்தால் மூவாயிரம் மிச்சம்

எங்கள் வண்டி 2006 மாடல் ஆல்டோ. ஏப்ரலில், கத்திரி தொடங்கும் முன்னாலேயே ஏசியில் வெறும் காற்று வர ஆரம்பித்தது. வீடு பாளையங்கோட்டை; பைபாஸ் பக்கம் ஒரு கடையில் விட்டேன். வேலை பார்த்த பையன் பானெட்டைத் திறந்து ஹோஸை மாட்டி, "கேஸ் தீர்ந்துட்டு சார்" என்றான். பதினைந்தே நிமிடம், 1,500 ரூபாய். குளுகுளுவென்று வந்தது, நானும் வந்துவிட்டேன்.

ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன், வள்ளியூர் தாண்டவில்லை, ஒரே அனல். கண்ணாடியை இறக்கினால் காவல்கிணறு காற்று தலையைக் கலைத்துவிடுகிறது. பட்டுச் சேலையில் வேர்த்து வடிய அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பக் கடைக்குப் போனால், "பழைய வண்டி சார், கம்ப்ரசர் வீக். மாத்தினா 14,000 ஆகும். வேணும்னா இன்னொரு தடவை கேஸ் போட்டுப் பாப்போம்." பார்த்தேன். இன்னொரு 1,500. ஐந்து நாள் தாங்கியது.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் கம்ப்ரசர் அழுத்தித் தள்ள, அதேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், சரி. ஒன்பதே நாளில் காலியானால் எங்கோ ஓட்டை. இது 3,000 ரூபாய் கொடுத்த பிறகு உறைத்தது.

மேலப்பாளையத்தில் வயசான ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைச் சொன்னார்கள். லீவு போட்டுப் போன அன்று அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல், குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கூம் பம்ப் ஓடாது. போகிற கடை எந்த ஏரியாவோ, அங்கே அன்றைக்குக் கரண்ட் உண்டா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மறுநாள் அண்ணாச்சி கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்தார். கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரின் பைப் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு அப்பியிருந்தது. கேஸ் கசிந்தால் கூடவே கம்ப்ரசர் ஆயிலும் கசியும், தூசி அதில் ஒட்டும். உள்ளே நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினார். அங்கே லேசாகக் குமிழி. ஜாயின்டை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், காய்ந்து போயிருந்தது. அப்புறம் கேஸ் ஏற்றுகிற லோ சைடு வால்வைக் காட்டினார். அதில் குமிழி நிற்காமல் வந்தது.

"இதுக்கு மூடி எங்க தம்பி?"

எனக்கென்ன தெரியும்! கேஸ் போட்ட இடத்தில் கழற்றி வைத்ததைத் திரும்ப மாட்டவே இல்லை. வால்வுக்குள் இருக்கிற சின்ன ஊசியும் (பின்) சரியாக உட்காரவில்லை. மூடி வெறும் தூசிக்கு இல்லை, கசிவைத் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு என்றார். பின்னும் மூடியும் சேர்த்து 80 ரூபாய்.

ஓ-ரிங்கையும் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும் மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கூம் போட்டார். உள்ளே காற்றும் ஈரமும் இருந்தால் கூலிங் சரியாக வராது, ஈரம் ஆயிலோடு சேர்ந்து உள்பக்கத்தை அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகு அரை மணி நேரம் பிரஷர் மீட்டர் முள் அசையவில்லை. அதன் பிறகுதான் சிலிண்டரைத் தராசில் வைத்து, வண்டிக்கு உரிய கிராம் கணக்கில் ஆர்-134ஏ கேஸை ஏற்றினார். கூடுதலாகப் போட்டாலும் கூலிங் குறையும். மொத்தம் 2,800. கம்ப்ரசர் அதே பழசுதான், நன்றாக ஓடுகிறது.

வேக்கூம் பம்பும் தராசும் இல்லாத கடையில் வண்டியை விடாதீர்கள். சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விலை குறைவு என்று தீப்பிடிக்கிற கேஸைக் கலந்து போடுகிறவர்களும் உண்டு. உங்கள் வண்டி தொண்ணூறுகளைச் சேர்ந்தது என்றால் அதில் ஆர்-12 என்ற பழைய கேஸ் இருந்திருக்கலாம். ஓசோனைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்தியாகிவிட்டது. ஆயிலையும் மற்றதையும் மாற்றாமல் அதன் மேல் 134ஏ ஏற்ற விடாதீர்கள்.

போன வாரம் மறுபடி நாகர்கோவில். நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏல, அதக் கொஞ்சம் கொறயேன்" என்றாள். நான் குறைக்கவில்லை.