இதயம் ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் பீட்டா பிளாக்கர் ஊசி போடாதீர்கள்

பீட்டா பிளாக்கர் என்பது அட்ரினலினின் தூண்டுதலைத் தடுத்து இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. அந்த வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலால் நாளத்தில் ஏறிய சில நிமிடங்களில் மானிட்டரில் துடிப்பு 120-லிருந்து 80-க்கு இறங்கிவிடும். பார்ப்பவருக்கு நிம்மதி. நோயாளிக்கு நிம்மதியா என்பது வேறு கணக்கு.

ஒரு துடிப்புக்கு 40 மில்லி ரத்தம் மட்டுமே தள்ள முடிகிற இதயத்தை எடுத்துக்கொள்வோம். 120 துடிப்பில் அது நிமிடத்துக்கு 4.8 லிட்டர் தருகிறது. அதே 40 மில்லியோடு 80 துடிப்பு என்றால் 3.2 லிட்டர்தான். நல்ல இதயமாக இருந்தால் நிரம்பக் கூடுதல் நேரம் கிடைத்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளி ஈடுகட்டும். தளர்ந்த இதயத்தால் அது முடியாது. போதாததற்கு மருந்து அதன் சுருங்கும் வலுவையும் குறைக்கிறது. இடது கீழறையில் அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்.

இதில் பிபியை மட்டும் நம்பக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்ததும் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் பிபி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கை கால் சில்லிடுவது, சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே போவது, ரத்தத்தில் லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் சேரும் பொருள்) ஏறுவது ஆகியவைதான் உண்மையைச் சொல்லும்.

நெஞ்சுவலியோடு, பம்ப் நன்றாக உள்ள நோயாளிக்கு இதே மருந்து அருமையானது. இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு குறைந்தால் அந்த நேரம் நீள்கிறது, ஆக்சிஜன் தேவையும் குறைகிறது. மகாதமனியின் உட்சுவர் கிழிந்த நோயாளிக்கும் முதலில் இதுதான். குழாயை விரிக்கும் மருந்தை முந்திக் கொடுத்தால் துடிப்பு எகிறிக் கிழிசல் பெரிதாகும்.

சீனாவில் சுமார் 45,800 மாரடைப்பு நோயாளிகளிடம் மெட்டோப்ரோலாலைச் சோதித்து 2005-இல் வெளியான கமிட் ஆய்வு இரண்டு முகத்தையும் காட்டியது. ஆயிரம் பேருக்கு மறு மாரடைப்பு 5, வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) 5 குறைந்தன. கார்டியோஜெனிக் ஷாக் (இதயம் போதிய ரத்தம் தள்ள முடியாமல் உடல் சரியும் நிலை) 11 கூடியது, அதுவும் பெரும்பாலும் முதல் நாளிலேயே. வயது 70-க்கு மேல், சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 120-க்குக் கீழ், துடிப்பு 110-க்கு மேல்: இவர்களிடம் கை நீளவே கூடாது என்பேன். அந்த 110 பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் இதயத்தின் ஈடுகட்டல்.

போட முடிவெடுத்தால், நீர் கோத்த சத்தம் உண்டா என்று ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரலின் அடிப்பகுதியைக் கேளுங்கள், ஆஸ்துமா உண்டா என்று விசாரியுங்கள், ஈசிஜியில் பிஆர் இடைவெளி (மின் துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் நேரம்) 0.24 நொடியைத் தாண்டியதா பாருங்கள். துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான வெராபமில் ஊசி ஏற்கெனவே போயிருந்தால் வேண்டாம். இதயம் நின்றே போகலாம். மெட்டோப்ரோலால் 5 மி.கி., 2 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. 5 நிமிட இடைவெளி. மொத்தம் 15 மி.கி. ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் மீண்டும் பரிசோதனை. துடிப்பு 60-க்கோ சிஸ்டாலிக் 100-க்கோ கீழே வந்தால் அதோடு நிறுத்துங்கள்.

சந்தேகம் இருக்கும் இடத்தில், சீக்கிரம் விளைவு மறையும் பீட்டா பிளாக்கரான எஸ்மொலால் என் தேர்வு. சிவப்பணு என்சைம்களே அதைச் சிதைப்பதால் அரை ஆயுள் சுமார் 9 நிமிடம்; டிரிப்பை நிறுத்தினால் அரை மணிக்குள் விளைவு போய்விடும். வழக்கமான அளவு கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் ஒரு நிமிடத்தில், பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 30 மி.கி., பிறகு நிமிடத்துக்கு 3 மி.கி. தளர்ந்த இதயம் என்றால் முதல் பெரிய டோஸைத் தவிர்த்துவிடுங்கள்.

மருந்தால் துடிப்பும் பிபியும் சரிந்துவிட்டால் முதலில் துடிப்பை ஏற்றும் அட்ரோபின். பலன் இல்லையென்றால் குளூக்ககான் 5 மி.கி. மெதுவாக; அது பீட்டா ஏற்பியை (பீட்டா பிளாக்கர் அடைக்கும் இடம்) தொடாமலே செல்லுக்குள் வேலை செய்யும். கடுமையாக வாந்தி வரும், ஆகவே ஊசியை எடுக்கும் முன்பே வாந்தியை உறிஞ்சியெடுக்கும் சக்‌ஷன் தயாராக இருக்கட்டும்.