இல்லாத காலுக்கு ஒரு கிளெய்ம்

போன வருஷம் ஒரு நைட் ஷிஃப்ட். மணி இரண்டு இருக்கும். டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அக்கா, இந்த சார்ட்ட கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றான்.

அமெரிக்காவில் ஒரு லேபுக்கு நாங்கள் சென்னையில் உட்கார்ந்து மெடிக்கல் கோடிங் செய்துகொண்டிருந்தோம். சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் பரிசோதனைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. அந்த எண்ணை வைத்து இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்பதுதான் கிளெய்ம். நோயாளி எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர், மெடிகேர் என்ற முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸில் இருப்பவர். பாத மருத்துவர், "இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பு குறைவு" என்று எழுதி, இரண்டு கால்களுக்கும் ரத்த ஓட்டப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். லேப் கேட்டது 93923, இரு கால்களுக்கான முழுப் பரிசோதனை. அதே சார்ட்டின் பழைய நோய்ப் பட்டியலில் இசட் 89.512 என்று ஒரு கோடு. இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது.

இல்லாத பாதத்தில் எந்த நாடியைப் பிடித்துப் பார்த்தார்?

அதே மருத்துவர் அனுப்பிய இன்னும் இருபது சார்ட்டைத் திறந்தேன். இருபதிலும் அதே வரி, கமா கூட மாறவில்லை. லேப் அனுப்பிய எக்செல்லில் எங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பத்தி வேறு: ஒவ்வொரு நோயாளிக்கு நேராகவும், அனுப்பிய டாக்டருக்கு 'ரீடிங் ஃபீ' இவ்வளவு என்று.

"டாக்டர் ரிப்போர்ட்டப் படிச்சுச் சொல்றாரு, அதுக்குக் காசு வாங்குறாரு. இதுல என்னக்கா தப்பு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு கிரேபர் வழக்கைச் சொன்னேன்.

பென்சில்வேனியாவில் இதய மருத்துவர் கிரேபர் ஒரு கம்பெனி வைத்திருந்தார். ஹோல்டர் மானிட்டரை நோயாளியின் உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் வேலை. மெடிகேர் பணம் வந்ததும் அதில் 40 சதவீதம், ஒரு நோயாளிக்கு 65 டாலர் வரம்புக்குள், அனுப்பிய டாக்டருக்குப் போகும். பெயர் 'விளக்கக் கட்டணம்'. அந்தக் கட்டணம் இல்லாவிட்டால் டாக்டர்கள் எங்களிடம் வரமாட்டார்கள் என்று வேறொரு விசாரணையில் அவரே சொல்லியிருந்தார். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. டாக்டர் வேலையே பார்த்திருக்கட்டும்; கொடுத்த பணத்தின் நோக்கங்களில் ஒன்று ஆள் பிடிப்பது என்றாலே குற்றம்தான் என்றது.

நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன், அதாவது கிக்பேக், கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்புதான் இந்தச் சட்டத்தின் உயிர். கமிஷன் வாங்கிய பிறகு, இந்த டெஸ்ட் தேவையா என்று கேட்கும் மனசு டாக்டரிடம் பழையபடி இருக்காது. அந்தப் பெரியவருக்குத் துணை இன்ஷூரன்ஸ் இல்லை. மெடிகேர் கொடுப்பதுபோக மீதி 20 சதவீதத்தை அவர்தான் கட்டவேண்டும், இல்லாத காலுக்கும் சேர்த்து.

கிக்பேக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் டாலர் வரை அபராதம். அந்த வழியில் வந்த கிளெய்ம் பொய்க் கிளெய்மாகவே கொள்ளப்படும் என்று 2010இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பொய்க் கிளெய்ம் சட்டம் ரொம்பப் பழசு. உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குச் சரக்கு விற்று ஏமாற்றியவர்களுக்காக 1863இல், லிங்கன் காலத்தில் வந்தது. இன்று நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்டவேண்டும். உள்ளிருந்து வழக்குத் தொடுத்தவருக்கு, மீட்ட பணத்தில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு.

நம் ஆட்கள் மனசில் பதியவேண்டியது பொய்க் கிளெய்ம் சட்டத்தில் 'தெரிந்தே' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள். வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்ததாகத்தான் கணக்கு. "கிளையன்ட் சொன்னாங்க, போட்டேன்" என்பது நம் ஃப்ளோரில் தினமும் காதில் விழும் பேச்சு. எனக்கு அது வயிற்றைப் பிசையும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டு, சட்டவிதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு எழுதினேன். நான்கு நாளில் லேபிலிருந்து 'திருத்திய' சார்ட் வந்தது. நாடித்துடிப்பு வரி அப்படியே இருந்தது. இசட் 89.512ஐத்தான் எடுத்திருந்தார்கள்.

தம்பி இரண்டு வெர்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவனே மெயில் அடித்தான்: பழைய பட்டியலில் இருந்த கோடு ஏன் நீக்கப்பட்டது என்று ஒரே வரி. பதில் வரவில்லை. மாதக் கடைசியில் அந்த அக்கவுன்ட்டையே எங்கள் கம்பெனி விட்டுவிட்டது. ஒன்பது பேரை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றினார்கள், அவனும் அதில் ஒருவன்.