பிரேயரில் பின்வரிசையில் நிற்கிற பிள்ளை

கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் வகுப்பில் ஒரே கேள்விதான்: “யாருடா நல்லாப் பாடுவீங்க?” நாலு கை உயரும். அதில் ஒன்று ஏற்கெனவே டவுனில் கீபோர்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை. இன்னொன்றுக்குத் தொண்டை பெரிசு. பெயர் எழுதியாகிவிட்டது. கடைசி பெஞ்சில் பென்சில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தவனை அதற்குள் வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

காரைக்குடி என்றால் வீணை சகோதரர்கள், மிருதங்கம் மணி என்று பெருமை பேசுகிறோம். வீணை சகோதரர்கள் பல தலைமுறையாக வீணை இருந்த வீட்டில் பிறந்தவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட வாத்தியார் தேவைப்படவில்லை. கல்குவாரிக்கும் கொத்தனார் வேலைக்கும் போகிறவர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் ஆசிரியரின் காது வேண்டும்.

அமெரிக்க இசைக் கல்வியாளர் எட்வின் கார்டன் (1927–2015) இயல்பான இசைத் திறனையும் கற்றுத் தேர்ந்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். சுமார் 9 வயது வரை அந்தத் திறன் காதில் விழுவதைப் பொறுத்துக் கூடும், குறையும். அதன்பின் பெரிதாக அசையாது என்பது அவர் முடிவு. அப்படியானால் முக்கியமானவை 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகள். பாட்டு ஆசிரியரே இல்லாத வகுப்புகளும் இவைதான். 1979-ல் சின்னப் பிள்ளைகளுக்காக அவர் வெளியிட்ட சோதனையில் பாடவே வேண்டாம். இரண்டு சின்ன ஒலித்துணுக்குகள் ஒலிக்கும். இரண்டும் ஒன்றா, வேறா என்று பிள்ளை படத்தில் வட்டம் போடும். ஸ்வரத்துக்கு 40 ஜோடி, தாளத்துக்கு 40 ஜோடி.

அந்தச் சோதனையை விலைக்கு வாங்க வேண்டாம். போனில் 10 ஜோடி பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துணுக்கிலும் மூன்று, நாலு ஸ்வரம் போதும். ‘ச க ப – ச க ப’ ஒன்று, ‘ச க ப – ச ம ப’ வேறு. ஐந்து ஜோடி ஒன்றாகவும் ஐந்து வேறாகவும் இருக்கட்டும், வரிசையைக் கலைத்துவிடுங்கள். சொல் வேண்டாம், ‘லா’ என்று பாடினால் போதும். ஜோடிக்குள் இரண்டு வினாடி இடைவெளி. துண்டுத் தாளில் ஒன்றென்றால் டிக், வேறென்றால் இன்ட்டு. கை தூக்கச் சொல்லாதீர்கள்; முதல் ரேங்க் பிள்ளையைப் பார்த்து வகுப்பே தூக்கும். இன்னொரு நாள் ஒரே ஸ்வரத்தில் தட்டலை மட்டும் மாற்றித் தாளத்துக்குத் தனியாக வைக்க வேண்டும். ஸ்வரத்தில் தேறுகிற பிள்ளை தாளத்தில் சறுக்குவதும், தாளத்தில் தேறுவது ஸ்வரத்தில் சறுக்குவதும் வழக்கம்தான்.

ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே பத்துக்கு ஐந்து வரும். 40 பேர் வகுப்பில் குருட்டாம்போக்கிலேயே எட்டோ அதற்கு மேலோ வாங்குகிறவர்கள் சராசரியாக இரண்டு பேர் இருப்பார்கள். அதனால் ஒரே நாளில் முடிவு கட்டாமல், இரண்டு வாரம் கழித்து வேறு பத்து ஜோடி போடுங்கள். இரண்டு முறையும் எட்டோ அதற்கு மேலோ வாங்குகிற பெயர்களுக்கு நோட்டில் ஒரு புள்ளி. குறைந்த மதிப்பெண்ணை எழுதியே வைக்காதீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம்.

தாளத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. எல்லோரும் கைதட்டியபடி ‘தகதிமி தகதிமி’ சொல்லட்டும். கையை மூடிக் காட்டினால் சத்தமில்லாமல் மனசுக்குள் எட்டு எண்ணிக்கை ஓட வேண்டும், ஒன்பதாவதில் ஒரே தட்டு. முக்கால்வாசி வகுப்பு முந்திக்கொள்ளும். பட்டென்று இடத்தில் விழுகிற இரண்டு, மூன்று கைகள் எவை என்று மட்டும் பாருங்கள். பிறகு ‘தகதகிட’ ஐந்தையும் ‘தகிட தகதிமி’ ஏழையும் கொடுங்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளை ஏழில் அசையாமல் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். இதை வகுப்பறைக்குள் செய்தால் சிமெண்ட் சுவரில் மோதித் திரும்புகிற ஒலியில் தட்டல் கலங்கிப்போகும். வேப்பமரத்தடிதான் சரி.

பாட வைக்கும்போது நடக்கிற பெரிய தவறு சுருதி. சின்னப் பிள்ளைகளுக்கு வசதியான எல்லை ஏறக்குறைய 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை (கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதியின் உயரத்தைச் சொல்கிற எண்), அதுவும் பெண்குரல் உயரத்தில். 2 கட்டையில் ச வைத்தால் ப 6 கட்டையில் வந்து நிற்கும். அந்த ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற பாட்டாக எடுங்கள். ஆண் ஆசிரியர் தன் குரலில் பாடினால் அது ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) கீழே ஒலிக்கும். சில பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு உறுமும். நாம் ‘சுருதியே சேரலை’ என்று எழுதிவிடுவோம். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்றை முதலில் பாடச் சொல்லி, மற்றவர்களைத் திருப்பிப் பாட வையுங்கள். ஆர்மோனியம் இருந்தால் இன்னும் நல்லது.

சேராத பிள்ளையிடம் ‘மேலே, மேலே’ என்று கத்திப் பயனில்லை. மேலே என்பது குரலில் எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரிந்திருக்காது. ஆம்புலன்ஸ் சத்தம் போடச் சொல்லுங்கள். குரல் ஏறி இறங்குவதைப் பிள்ளை தன் தொண்டையிலேயே உணரும். பிறகு அது எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு நீங்கள் போய்ச் சேருங்கள். ‘சேர்ந்தால் இப்படி இருக்கும்’ என்பது அதற்கு அப்போதுதான் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக இழுத்து வரலாம். இரண்டு மாதம் ஆகலாம். அதற்கும் முன்னால் காதைப் பாருங்கள். ஓயாத சளியும் காதில் சீழும் இருக்கிற பிள்ளைக்குச் சுருதிப் பாடத்தைவிட மருத்துவர்தான் முதலில் வேண்டும். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டில்லாமல் வளர்வதில்லை. முளைப்பாரிக் கும்மி, குன்றக்குடிக்கும் பழனிக்கும் போகிற காவடியின் சிந்து, ஆயா பாடுகிற தாலாட்டு என்று காதில் நிறைய இருக்கும். ‘உனக்கு என்ன பாட்டுத் தெரியும்?’ என்றால் சினிமாப் பாட்டு வரும். ‘உங்க ஊர் முளைப்பாரிக்கு என்ன பாடுவாங்க?’ என்றால் வேறு பிள்ளைகள் வாய் திறக்கும்.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நையாண்டி மேளமோ தப்போ அடிக்கிற வீட்டுப் பிள்ளை, தனக்குத் தெரிந்ததைப் பள்ளியில் மறைக்கவே கற்றிருக்கும். காரணம் சாதி. ‘மேளக்கார வீடு, அதான் ரத்தத்திலேயே வருது’ என்பது பாராட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளையின் உழைப்பும் போய்விடும், சாதியும் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுப் பேச்சே எடுக்காமல், “தம்பி தட்டுனதை இன்னொரு தடவை தட்டுப்பா, நாங்களும் கத்துக்கிறோம்” என்றால் போதும்.

பிள்ளையைக் கண்டுகொண்டபின் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதைவிடத் தினமும் ஏழு நிமிடம் நன்று. வருகைப் பதிவைப் பாடியே எடுக்கலாம். பெயரை ‘ப–க’ என்று இறக்கிக் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ அதே இறக்கத்தில் வரும். தெருவில் கூட்டாளியைக் கூப்பிடும்போது பிள்ளைகள் தாமாகவே அந்த இறக்கத்தில்தான் இழுக்கிறார்கள். ‘ச ரி க ம ப ம க ரி’ என்று பாடிச் சட்டென நிறுத்துங்கள். ச-வில் போய் இறங்காமல் தவிக்கிற பிள்ளை எது என்று முகத்திலேயே தெரியும்.

கருவிக்கு கோலாட்டக் குச்சி, கொட்டாங்கச்சி, சாதாரண மண்பானை போதும். மானாமதுரை கடம் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது கனம். எட்டு வயதுப் பிள்ளையின் மடியில் வைத்தால் தொடை வலியில் தாளம் போய்விடும். நன்கொடைக் கீபோர்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதில் ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கிற கமகம் வராது, பேட்டரி தீர்ந்ததும் பீரோவுக்குள் போய்விடும்.

அடுத்த படிக்கு, சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, 12 வயதிலிருந்து சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கலைகள் சொல்லித்தருகிற அரசின் ஜவகர் சிறுவர் மன்றம். எட்டு வயதில் கண்டுகொண்ட பிள்ளையைப் பன்னிரண்டு வரை அணையாமல் வைத்திருக்கிற நாலு வருடம்தான் கஷ்டம்.

வீட்டில் “பாட்டு சோறு போடுமா டீச்சர்?” என்பார்கள். மேதைகளின் கதையெல்லாம் அங்கே எடுபடாது. அவர்களுக்கு வேண்டியது எத்தனை மணிக்கு விடுவீர்கள், யார் கூட வருவார்கள், எந்த பஸ் என்கிற பதில். பெண் பிள்ளையாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு போய்ப் பேசுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது டிசி போகும், நோட்டில் வைத்த புள்ளிகள் போகாது. அரைப் பக்கம் எழுதி அந்தப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ‘இசையில் ஆர்வம் உள்ளவர்’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. இப்படி எழுதலாம்: 2 கட்டையில் சுருதி சேர்கிறது. ஏழு எண்ணிக்கையில் தடுமாறாது. கூட்டத்தில் வாய் திறக்காது, தனியாகக் கூப்பிட்டால் பாடும். ஊருக்குக் கடைசி பஸ் 5.10.