பழைய மீட்டரோடு சோலாரை ஓட விடாதீர்கள்

மாடியில் பேனல் ஏற்றுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. காலையில் வந்தார்கள், சாயங்காலம் முடித்துவிட்டுப் போனார்கள். என்னை அலைய விட்டது கீழே போர்டில் இருக்கிற மீட்டர்தான்.

அதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல். மின் இணைப்பு காலமான அப்பா பெயரிலேயே இருந்தது. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இணைப்பு யார் பெயரிலோ அவருக்குத்தான் மானியம். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, தங்கையிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் எல்லாம் கொடுத்து பெயர் மாற்றினேன். மாற்றிய பிறகு, "உங்க லோடு 2 கிலோவாட்தான், 3 கிலோவாட் சோலார் எப்படி போடுவீங்க?" என்று ஈபி ஆபீசில் கேட்டார்கள். லோடு என்றால் இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின் அளவு. லோடை ஏற்ற மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி பணம். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்திருக்கலாம் என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

பேனல் ஏறிய அன்று இருவழி மீட்டர், அதாவது உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கும் மீட்டர், வரவில்லை, ஸ்டாக் இல்லை என்றார்கள். கம்பெனி ஆள், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டு, "ஓடட்டும் சார், வெயிலை ஏன் வேஸ்ட் பண்ணணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த பில் வழக்கத்தைவிட எகிறியிருந்தது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டும் மாறிவிடுகிறதே, அந்த அடி வேறு.

ஈபி ஆபீசில் கேட்டால், "மீட்டர் காட்டறதுதான் சார் கணக்கு. ஏசி நிறைய போட்டிருப்பீங்க" என்று பதில். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உண்மை ஒரு மதியம் தெரிந்தது. ஃபிரிட்ஜைத் தவிர வீட்டில் எல்லாம் ஆஃப். ஆனால் மீட்டரில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. சோலாரின் எம்சிபியை, அதாவது அதற்கென்று போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை, இறக்கினேன். சிமிட்டல் அப்படியே மந்தமானது. ஏற்றினேன், மறுபடி படபட. விஷயம் இதுதான்: பழைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றுக்கு கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்ற பேதம் கிடையாது. வெளியே தள்ளிய யூனிட்டையும் நாம் வாங்கியதாகவே கூட்டிவிடும். சும்மா கொடுத்த கரண்டுக்கு நானே காசும் கட்டியிருக்கிறேன்!

அதை வீடியோ எடுத்தேன். இன்வெர்ட்டர் ஆப்பில் தேதிவாரியான உற்பத்திக் கணக்கையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஆபீசில் கட்டிய பில்லைத் திருத்த முடியாது என்றே சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்காரரிடம் மட்டும் விடவில்லை. கூடுதலாகக் கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் கடைசித் தவணையைக் கொடுத்தேன். முனகினார், வாங்கிக்கொண்டார். ஆகவே, இருவழி மீட்டர் மாட்டும் வரை கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள், சோலார் எம்சிபியையும் ஏற்ற விடாதீர்கள். பழைய மீட்டரைக் கழற்றும்போது கடைசி ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பிறகு மீட்டர் வந்தது, ஆய்வு முடிந்தது, 78,000 ரூபாய் மானியமும் கணக்கில் ஏறியது. இந்த மானியத்துக்கு, உள்ளே இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக உள்ள பேனலைத்தான் ஏற்பார்கள், கொட்டேஷனிலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஆப் 12 யூனிட் உற்பத்தி என்று காட்டும், மீட்டரில் எக்ஸ்போர்ட் (வெளியே போன யூனிட்) அதைவிடக் குறைவாக இருக்கும். பதற வேண்டாம். பகலில் வீடே எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் மீட்டரைத் தாண்டிப் போகிறது. கரண்ட் கட்டானால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா இதைச் சொல்லி இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்.

போன முறை ரீடிங் எடுக்க வந்த தம்பி பழக்கதோஷத்தில் இம்போர்ட்டை (உள்ளே வந்த யூனிட்டை) மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பினார். கூப்பிட்டு, பட்டனை அழுத்தி எக்ஸ்போர்ட் வரும் வரை நிற்க வைத்தேன். "அட, ஆமா சார்" என்று அதையும் போட்டுக்கொண்டார். இனி ரீடிங் நாளன்று யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும்.